முழங்காலுக்குக் கீழே

டில்லிபாபுவுக்கு விழுந்தது ஒரே ஓர் அடி. இடது தோள்பட்டையில், லத்தியால், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே கால் மணிக்கு. அதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, நாலு நாளில் மறந்துவிடக்கூடிய அடிதான் அது. மறக்க விடாமல் அதைப் பதினாறு நாள் பாதுகாத்து வைத்தது காவல் துறை.

நடந்தது இதுதான். பாரிவாக்கம் கூட்டுரோட்டில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை திறந்தார்கள். ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று பேனர் கட்டியதில், பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஜனம் வந்து குவிந்துவிட்டது. டில்லிபாபு பிரியாணிக்காகப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் முட்டைகூடச் சாப்பிடமாட்டார். சாலையைக் கடந்து போனவருக்கு, நெரிசலில் யாரோ மிதித்து இடது கால் செருப்பு கழன்றுகொண்டது. அதை எடுக்க நன்றாகக் குனிந்து கால்களுக்கிடையில் துழாவினார். அதே நொடியில் கொன்றைமேடு காவல் நிலையத்து ஏட்டு கிறிஸ்துதாஸ், தடுப்பைத் தாண்டப் போன ஓர் இளைஞனின் கெண்டைக்காலைக் குறிபார்த்து லத்தியை வீசினார். இளைஞன் எகிறிக் குதித்துவிட்டான். கெண்டைக்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் டில்லிபாபுவின் தோள் இருந்தது.

கிறிஸ்துதாஸ் பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது சரியாக வரவில்லை. "பாத்துப் போங்க, மனசுல வெச்சிக்காதீங்க" என்று மட்டும் சொல்லி, ஓர் ஆட்டோவை மறித்து ஏற்றிவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் டில்லிபாபுவுக்கு ஒரு நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. பதினான்கு வருடம் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டித் தேய்ந்தவருக்கு, ஐயப்பன்தாங்கலில் ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டும் வேலை தகைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, பி.எஃப்., வருஷத்துக்கு இரண்டு செட் காக்கி. அவர் வீட்டில் யாருக்கும் இதுவரை பி.எஃப். இருந்ததில்லை என்பதால், அவர் மனைவி லாவண்யா அந்த வார்த்தையைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பள்ளி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது. பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் மேல் வழக்கு ஏதும் இல்லை என்று போலீஸ் சான்று வேண்டும், பள்ளி திறப்பதற்குள்.

விண்ணப்பத்தின் பேரில் சனிக்கிழமை காலை அவரை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வாளர் மனோகரனே விசாரித்தார். வழக்கு, வம்பு, தண்ணி, சிகரெட் எதுவும் இல்லை என்று தெரிந்து திருப்தியாகி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் டில்லிபாபு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. தோளில் என்ன என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். நேத்து நம்ம ஏட்டய்யா அடிச்சாரு" என்றார் டில்லிபாபு, ஊர்க்காரரைப் பற்றிச் சொல்லும் உரிமையோடு.

பேனா மூடப்பட்டது.

டில்லிபாபுவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் காவலர் எவரும் எவர் மேலும் பலத்தைப் பயன்படுத்தினால், இருபத்துமூன்று காலம் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தில் அதை நியாயப்படுத்தி எழுத வேண்டும். பலத்தை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்று ஐந்து படிகள் போட்ட வண்ணப்படம் ஒன்றும் வந்து, நிலையத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. முதல் படி, காவலர் அங்கே இருப்பது. இரண்டாவது, இன்சொல். மூன்றாவது, திறந்த கை. நான்காவது, லத்தி, முழங்காலுக்குக் கீழே. ஐந்தாவது படியின் மேல் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி பற்றி நிலையத்திலிருந்து ஏற்கெனவே அறிக்கை போய்விட்டது. 'காவலர்களின் அன்பான வேண்டுகோளை ஏற்றுக் கூட்டம் மகிழ்ச்சியுடன் கலைந்தது' என்று அதில் எழுதியிருந்தது. இப்போது அந்த மகிழ்ச்சிக்குச் சாட்சியாக ஒரு வீங்கிய தோள் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

மனோகரன் கெட்டவர் இல்லை. தன் நிலைமையை அவர் மனம்விட்டு எடுத்துச் சொன்னார். "அந்த சுற்றறிக்கை வந்ததிலேருந்து நம்ம லிமிட்ல பலப்பிரயோகம் பூஜ்யம், தெரியுமா? ஜனங்க திருந்திட்டாங்களா? கிடையாது. நாங்க திருந்திட்டோமா? அதுவும் கிடையாது. ஒரு அடிக்கு இருபத்திமூணு காலம். யாருங்க உக்காந்து எழுதறது?"

இருந்தாலும் உட்கார்ந்து எழுதினார்கள். பதின்மூன்றாவது காலம் வரை தடையில்லாமல் போனது. பதினான்காவது காலம், 'எதிர்ப்பின் தன்மை'. வாய்ச்சொல்லால் எதிர்த்தார், தப்பியோடினார், கைகலப்பில் ஈடுபட்டார், ஆயுதம் வைத்திருந்தார் என்று நான்கு கட்டம். ஒன்றில் குறி போட வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு ஒரு கட்டம் இருக்குமா என்று டில்லிபாபு பயந்து பயந்து கேட்டார். ஒன்றும் செய்யாதவனை அடிக்கக் கூடாது என்பது விதி. விதிப்படி அடிபட்டவர்களில் அப்படி ஒருவன் இருக்கவே முடியாது. இல்லாத ஆளுக்குக் கட்டம் எதற்கு என்று மனோகரன் பொறுமையாக விளக்கினார்.

கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லியிருப்பாரே என்று அவரே உதவிக்கும் வந்தார்.

"அம்மான்னு கத்தினேன் சார்."

"அடிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான்."

மனோகரன் உதட்டைப் பிதுக்கினார். முன்னால் கத்தியிருந்தால் வாய்ச்சொல்லில் சேர்த்திருக்கலாம்.

சிக்கல் இப்படி நின்றது. எதிர்த்தார் என்று எழுதினால் அடி நியாயம். ஆனால் போலீஸை எதிர்த்தவருக்கு நன்னடத்தைச் சான்று தர முடியாது. எதிர்க்கவில்லை என்று எழுதினால் சான்று தரலாம். ஆனால் அடி அநியாயமாகிவிடும், அநியாயம் நடந்த நிலையத்தில் ஆய்வாளர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கமாட்டார். டில்லிபாபு இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

லாவண்யா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். எண்பது பேரை மேய்க்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னாய்யா நீ, வாங்குன அடியக்கூட ஒயுங்கா வாங்கத் தெர்ல உனுக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே தைலத்தையும் எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை மனோகரன் முகத்தில் தெளிவு இருந்தது. இரவெல்லாம் சுற்றறிக்கையைப் படித்ததில் அவருக்கு வழி புலப்பட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே அடிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, எந்த உறுப்பில் என்று சொல்லவில்லை. பக்கத்துத் தையல் கடையிலிருந்து இஞ்ச் டேப் வந்தது. நிலையத்து முற்றத்தில் டில்லிபாபுவைச் செருப்புத் தேடிய அதே வாக்கில் குனியச் சொன்னார்கள். தரையிலிருந்து தோள் இருபது அங்குலம். கிறிஸ்துதாஸை விறைப்பாக நிற்கவைத்து அளந்தார்கள். அவர் முழங்கால் இருபத்தொன்று.

"ஒரு அங்குலம் கீழே விழுந்திருக்கு" என்றார் மனோகரன், பிள்ளை பாஸான செய்தியைச் சொல்வது போல.

கிறிஸ்துதாஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடிச்சவன் முழங்காலா சார், அடி வாங்குனவர் முழங்காலா?" என்று கேட்டுவிட்டார். டில்லிபாபுவின் முழங்காலை அளந்தார்கள். பதினெட்டு. அவருடைய கணக்குப்படி அவருடைய தோள் அவருடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. மனோகரன் ஏட்டைப் பார்த்த பார்வையில் அந்த நாளுக்குரிய பலப்பிரயோகம் முழுவதும் அடங்கியிருந்தது.

தெளிவுரை கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போனது. பதில் வரும் வரை டில்லிபாபு தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அளவுகள் மாறிவிடாமல் இருக்க. அந்த நாட்களில் பக்கத்து நிலையங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் குனிந்து காட்டினார். ஒருவர் தன் நிலையத்துப் பயிற்சி வகுப்புக்காகப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

தினமும் கிறிஸ்துதாஸ்தான் அவருக்கு டீ வாங்கித் தருவார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று குடிப்பார்கள். ஒரு நாள் கிறிஸ்துதாஸ் தன் கண்ணாடி டம்ளரையே பார்த்தபடி சொன்னார்: "தெரியாம பட்ருச்சி, என் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டேன் டில்லி. அப்டி எழுத எடம் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்க ஊட்டுக்காரி ஜெயசீலி தெனம் கேக்குறா, அந்தாளு கையி தூக்குறாரான்னு."

"தூக்குறேன்" என்று டில்லிபாபு கையைத் தூக்கிக் காட்டினார். பாதிவரை தூக்க முடிந்தது. மீதிப் பாதிக்குச் சிரித்துச் சமாளித்தார். இந்த ஆள் மேல் தனக்கு ஏன் கோபமே வரவில்லை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பத்தாம் நாள் தெளிவுரை வந்தது. 'முழங்கால் என்னும் சொல் அந்தந்தச் சூழ்நிலைக்கேற்பப் பொருள் கொள்ளத்தக்கது' என்று இருந்தது. சூழ்நிலையை ஆராய ஒரு குழு நேரில் வரும் என்றும் இருந்தது. குழு வந்தது பதினாறாம் நாள், சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. தாளாளர் வெள்ளிக்கிழமையே போன் பண்ணி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சான்று வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். லாவண்யா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கணவனோடு கிளம்பினாள்.

குழுவின் தலைவர் உதவி ஆணையர் அருள்மொழி என்ற பெண் அதிகாரி. மடிக்கணினி, வீடியோ எடுக்க ஒருவர், சாக்பீஸ் டப்பா சகிதம் வந்தார். தொடங்கும் முன் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்துச் சிறு உரை ஆற்றினார். "நாம அடிக்கிறோமாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. அந்த அடி நியாயமானதுன்னு வாங்கினவருக்குப் புரியணும். அந்தப் புரிதல் சமுதாயத்துல இல்லாததாலதான் புகார் வருது. புரிய வைக்கிறதும் நம்ம கடமை" என்றார். காவலர்கள் கைதட்டினார்கள். டில்லிபாபுவும் தட்டப் போனார், தோள் ஒத்துழைக்கவில்லை.

சம்பவத்தை அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அருள்மொழியின் முடிவு. கூட்டத்துக்கு, மனு கொடுக்க வந்திருந்த இருபது பேரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் கூட்டம் மாதிரி இல்லை, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். உண்மைச் சூழல் இல்லாமல் உண்மை வெளிவராது என்று அருள்மொழி சொன்னதும், மனோகரன் அந்தப் பிரியாணிக் கடையிலிருந்தே ஓர் அண்டா பிரியாணி வரவழைத்துவிட்டார். முற்றத்தின் நடுவில் அண்டாவை வைத்து மூடியைத் திறந்தார்கள். சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் டில்லிபாபுவைக் குனியச் சொன்னார்கள்.

உண்மைச் சூழல் கால் மணி நேரத்தில் உருவானது. ஸ்டேஷனில் பிரியாணி போடுகிறார்கள் என்ற செய்தி கூட்டுரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. முதலில் ஆட்டோ ஸ்டாண்டு வந்தது. பிறகு கட்டட வேலைக்காரர்கள் வந்தார்கள். நடுவழியில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டரோடு சேர்ந்து பாதிப் பேர் இறங்கி வந்தார்கள். கேட்டை மூடப் போன காவலர் கேட்டோடு உள்ளே தள்ளப்பட்டார்.

விதிகளைச் செயலில் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று அருள்மொழி உத்தரவிட்டார். முதல் படி, இருத்தல். பன்னிரண்டு காவலர்கள் நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக நின்றார்கள். அதுதான் பிரியாணிக்கான வரிசை என்று நினைத்து ஜனங்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாவது படி, இன்சொல். மனோகரன் ஒலிபெருக்கியில் ஒன்றரைப் பக்க எச்சரிக்கையை மூன்று முறை வாசித்தார். 'சட்டவிரோதமாகக் குழுமியுள்ள மாண்புமிகு பொதுமக்களாகிய தாங்கள்' என்று ஆரம்பித்த அதை, பின்னால் இருந்தவர்கள் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி இன்னும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது படி, திறந்த கை. காவலர்கள் உள்ளங்கையை விரித்து நீட்டினார்கள். ஜனங்கள் ஆளுக்கு ஒரு பேப்பர் தட்டை அதில் வைத்தார்கள்.

டில்லிபாபு இன்னும் குனிந்துதான் இருந்தார். நிமிரலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் அவர் மேல் சரிந்தது. ஒரு முழங்கால் அவர் விலாவில் இடித்தது, யாருடைய முழங்கால் என்று தெரியவில்லை. "யோவ், எந்திரிய்யா" என்று லாவண்யா கத்துவது எங்கோ கேட்டது. எழுந்திருக்க இடமில்லை. அப்போது பிடரியில் வெயில் மறைந்தது. கிறிஸ்துதாஸ் அவர் மேல் கவிழ்ந்தாற்போலக் குனிந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி அவரைச் சுற்றிக் கூடாரம் மாதிரி நின்றார். "பயப்படாத டில்லி, நான் கீறேன்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்த நேரத்தில்தான் மனோகரன் நான்காவது படிக்கு வந்து சேர்ந்தார். யாருடைய கையிலிருந்தோ லத்தியைப் பிடுங்கி ஓங்கி ஒரு வீச்சு வீசினார். அது கிறிஸ்துதாஸின் முதுகில் போய் விழுந்தது.

சத்தம் பெரிதாக இருந்தது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சீருடையில் இருந்ததால் ஜனங்களுக்கு யார் பக்கம் பேசுவது என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்டா காலியானது. கூட்டம் தானாகவே கலைந்து, கேட்டைச் சாத்திவிட்டுப் போனது. அது எத்தனையாவது படி என்று சுவர்ப்படத்தில் இல்லை.

எல்லாம் வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அருள்மொழி அதை நான்கு முறை பார்த்துவிட்டு, புதிதாக ஒரு படிவம் கொண்டுவரச் சொன்னார். அடித்தவர், ஆய்வாளர் மனோகரன். அடிபட்டவர், தலைமைக் காவலர் கிறிஸ்துதாஸ். எதிர்ப்பின் தன்மை என்ற இடத்தில் அவருடைய பேனாவும் நின்றது. பொதுமக்களில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருபத்திரண்டாவது காலம் சொன்னது. அந்த இடத்தில் பொதுமக்கள் என்று மிச்சமிருந்தவர்கள் டில்லிபாபுவும் அவர் மனைவியும்தான்.

மனோகரன் டில்லிபாபுவின் தோளில் கை போட்டு, நல்ல தோளாகப் பார்த்துத்தான் போட்டார், மாடிப்படி ஓரமாகக் கூட்டிப் போனார். ஏட்டு தன் உத்தரவை மதிக்காமல் கைகலப்பில் இறங்கினார் என்று ஒரு வரி சொன்னால் போதும் என்றார். அது போலீஸுக்குள் நடக்கிற சமாச்சாரம். டில்லிபாபுவின் பழைய படிவத்தை அவரே கிழித்துப் போட்டுவிடுவார். சான்று பத்து நிமிஷத்தில் கையில் இருக்கும்.

மணி மூன்று. டில்லிபாபு முற்றத்தைப் பார்த்தார். கிறிஸ்துதாஸ் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தார். லாவண்யா கைப்பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியில் முன்கூட்டியே கொடுத்த புது காக்கிச் சட்டை இஸ்திரி போட்டு வீட்டில் ஆணியில் தொங்குகிறது. வேனில் வரப்போகும் பிள்ளைகளின் பெயரைக்கூட அவர் மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருந்தார். திரும்பி நடந்து அருள்மொழியின் முன்னால் போய் நின்றார்.

"அவரு ஒண்ணும் பண்ல மேடம். நான் மிதிபடக் கூடாதுன்னு குனிஞ்சாரு. அடி வுழுந்துச்சி. அன்னிக்கு நானும் ஒண்ணும் பண்ல. குனிஞ்சேன். அடி வுழுந்துச்சி. இத்த எங்க எய்தணுமோ எய்திக்கங்க. எனுக்கு சான்று வாணாம்."

லாவண்யா அவரைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அருள்மொழி படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், மேலிடத்தோடு முக்கால் மணி நேரம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அறிவொளி வீசியது. இரண்டு சம்பவங்களிலும் ஆராய்ச்சிக்குரிய பொதுத்தன்மை ஒன்று இருப்பதைச் சாட்சியே சுட்டிக்காட்டியிருக்கிறார் என்று பாராட்டினார். உடனடியாக அமலுக்கு வரும் திருத்தம் ஒன்று வெளியாகியிருந்தது. பதினான்காவது காலத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: 'குனிந்திருந்தார்'.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இரண்டு படிவங்களிலும் ஐந்தாவது கட்டத்தில் குறி விழுந்தது. இரண்டு அடிகளும் நியாயமானவை என்று தீர்ந்தன. குனிவது எதிர்ப்பு வகைகளிலேயே கடைசி வகை என்பதால் சான்று தரத் தடையில்லை என்றும், ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது என்றும் அருள்மொழி கருத்துத் தெரிவித்தார். மனோகரன் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காகிதத்தை நீட்டினார். மணி நாலே முக்கால்.

ஐயப்பன்தாங்கலுக்கு லாவண்யாதான் ஸ்கூட்டி ஓட்டினாள். தாளாளர் பள்ளி திறப்புக்காகத் தோரணம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். சான்றை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். 'மேற்படி நபர் மீது வழக்குகள் ஏதும் இல்லை. ஒரு முறை குனிந்துள்ளார்.'

தாளாளர் மறுபடியும் ஒரு தரம் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. இதற்கு முன்னால் இருந்த டிரைவர் யாருக்கும் குனியாத ஆள், அவரோடு தான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை என்றார். பணிவு இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், போலீஸ் முத்திரையோடு ஒருவர் கொண்டுவந்து தான் பார்த்ததே இல்லை என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடச் சொல்லி, வேன் சாவியை அப்போதே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பப் போன லாவண்யா சாவியைத் திருகாமல் அப்படியே நின்றாள். ரொம்ப நேரமாக அவள் மனதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஏய்யா, நீ அன்னிக்குக் குனியாம நிமுந்து நின்னுகினு இருந்திருந்தா இன்னா எய்தியிருப்பாங்க?"

டில்லிபாபு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நியாயமாகவே யோசித்துப் பார்த்தார்.

"தெர்ல. அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வர்ல" என்றார்.